சவரிமுத்து பிழையான பெயரா?

தமிழ் எழுத்துலகில் ஒரு திருத்தல் நோய் பரவிக் கிடக்கிறது. 'சவேரியார்' என்று எழுதினால் 'சேவியர்' என்று திருத்துகிறார்கள். 'சவரிமுத்து' என்ற பெயரைக் கேட்டால் ஒரு மெல்லிய நகைப்பு எழுகிறது. நாட்டுப்புறத்து நாவில் சிதைந்துபோன பெயர் என்று விளக்கமும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் சிலரோ ஸ்பானிய எழுத்தாளரின் பெயரை 'ஜேவியர்' என்று அச்சிட்டுவிட்டு, மூலத்துக்கு உண்மையாக இருந்ததாக நிறைவு கொள்கிறார்கள். மறுபுறம் தனித்தமிழ் ஆர்வலர் சிலர், இது அந்நியன் விட்டுச்சென்ற பெயர், இதை எந்த வடிவிலும் தமிழர் சுமக்க வேண்டியதில்லை என்கிறார்கள்.

இரு சாராரும் தவறு என்பது நம் கருத்து. முன்னவர் பிழை என்று சொல்லும் வடிவம், அவர்கள் சரி என்று கொண்டாடும் வடிவத்தைவிடப் பழையது, மூலத்துக்கும் நெருக்கமானது. பின்னவர் அந்நியம் என்று தள்ளும் பெயர் தமிழில் வேர்விட்டுத் தழைத்து, வேறெந்த மொழியிலும் இல்லாத கிளைகளை இங்கே விட்டிருக்கிறது. இதை வெறும் எழுத்துக்கூட்டல் தகராறு என்று ஒதுக்க முடியாது. நம் வகுப்புகளில் அமரும் பிள்ளைகள் சிலர் பாட்டன் பெயரைச் சொல்லக் கூசுகிறார்கள். சவரிமுத்துவின் பேரன் சான்றிதழில் சேவியர் ஆகிறான். அந்தக் கூச்சத்தை ஊட்டியவர்கள் படித்தவர்கள். ஆகவே அதைக் களையும் கடமையும் படித்தவர்களுக்கே உரியது.

ஒரு வீட்டின் பெயர்

முதலில் பெயரின் பிறப்பைப் பார்ப்போம். ஸ்பெயினின் வடபகுதியில், பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ளது நவார். அங்கே ஒரு சிறு கோட்டை. அதன் பெயரே இன்று ஹவியேர் என ஒலிக்கப்படும் அந்தப் பெயர். 1506 ஏப்ரல் 7ஆம் நாள் அந்தக் கோட்டையில் பிரான்சிஸ்கோ பிறந்தார். அவருடைய தந்தைவழிப் பெயர் வேறு. கோட்டை தாய் மரியா தே அஸ்பில்குவேத்தாவின் வழியில் வந்த உடைமை. அதாவது, உலகெங்கும் அவரைச் சுட்டும் பெயர் தகப்பன் பெயரன்று, தாய்வீட்டின் பெயர்.

அந்தப் பெயர் ஸ்பானியச் சொல்லும் அன்று. பாஸ்க் மொழிச் சொல். ரோமானியர் வந்து இலத்தீனை நாட்டுவதற்கு முன்பே அம்மலைப் பகுதியில் வழங்கிய மொழி மரபின் எச்சம் பாஸ்க். ஐரோப்பாவின் மற்ற எம்மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. அம்மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெரி' என்றால் புதிது. 'எச்சேபெரி' என்றால் புதுவீடு. முன்னுயிர் தேய்ந்து, இலத்தீன் வழிப் பேச்சு மொழியின் ஒலியியல்புக்கு ஏற்ப 'பெரி'யின் எகரம் 'இயெ' என விரிந்து, ஷவியேர் என்ற வடிவம் பிறந்தது. பக்கத்து அரகோன் மலைப்பகுதியில் ஹவியேர்ரே என்று தொடங்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. அவையும் இதே புதுவீடுதான்.

(பாஸ்க் தமிழின் தங்கை என்ற பேச்சும் அவ்வப்போது எழுவதுண்டு. வரலாற்று மொழியியலில் ஒழுங்கான ஒலித்தொடர்பைக் காட்டாத எந்த உறவும் உறவன்று. அந்தக் கடைக்கு நாம் போக வேண்டியதில்லை.)

மொழி உறவு இல்லாவிட்டாலும் வழக்கத்தில் ஒற்றுமை உண்டு. பாஸ்க் நாட்டில் வீடே குடும்பத்தின் அடையாளம். ஆள் மாறினாலும் வீட்டின் பெயர் நிற்கும். அதில் வாழ்வோர் அப்பெயரால் அறியப்படுவர். தெலுங்கர் தம் குடும்பப் பெயரை 'வீட்டுப் பெயர்' என்ற பொருளிலேயே 'இன்டி பேரு' என்கின்றனர். மலையாளத்தில் வீட்டுப்பெயர் இன்றும் ஆளின் பெயரோடு ஒட்டி நடக்கிறது. குமரி மாவட்டத்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் நாவலுக்குப் பெயர் என்ன? 'புத்தம் வீடு'. 1964இல் வெளிவந்த அந்த நாவலின் தலைப்பைப் பாஸ்க் மொழியில் பெயர்த்தால் கிடைப்பது எச்சேபெரி. நாட்டுப்புறச் சிதைவு என்று நகைக்கப்படும் பெயரின் அடியில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு முற்றமும் திண்ணையும் கிடக்கின்றன.

இதே சொல்லோடு 'அந்த' என்று சுட்டும் அகர ஈறு சேர்ந்தால் எச்சேபெரியா. அது ஸ்பானிய எழுத்தில் எச்செவர்ரியா, எச்செவார்ரியா, சவார்ரியா எனப் பலவாகவும், பிரெஞ்சுப் பகுதியில் எச்செவெர்ரி எனவும் கிளைத்தது. கப்பலேறி அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்றது. அர்ஜென்டீன இலக்கியத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றான 'கொல்களம்' என்ற கதையை எழுதிய எஸ்தேபான் எச்செவர்ரியா (1805–1851) ஒரு பாஸ்க் தந்தையின் மகன். 1970 முதல் 1976 வரை மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்தவர் லூயிஸ் எச்செவர்ரியா. ஒரே சொல் ஒருபுறம் எச்செவர்ரியா ஆயிற்று. மறுபுறம் சவேரியார் ஆயிற்று. பொருளை மட்டும் பார்த்தால் இத்தாலியக் காசனோவாவும் புதுவீட்டுக்காரரே. துறவிக்கும் காமுகனுக்கும் ஒரே பெயர்ப்பொருள்! பெயரைக் கொண்டு ஆளை எடைபோடுவோருக்கு இந்த ஒன்றே போதும்.

ஷகரம் எங்கே போயிற்று?

இனி ஒலிக்கு வருவோம். வழக்கின் மையம் இதுதான்.

16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத்தில் இப்பெயரின் முதலெழுத்துக்கு ஒலி ஷகரம். பிரான்சிஸ்கோ வாழ்ந்த காலத்தில் (1506–1552) பெயர் ஏறத்தாழ 'ஷவியேர்' என்றே ஒலித்திருக்கும். அதன்பின் ஸ்பானியத்தில் பெரும் ஒலிமாற்றம் நிகழ்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த ஷகரம் அண்ணத்திலிருந்து பின்வாங்கித் தொண்டைப்புறம் சென்று, நம் காதுக்கு ஹகரம் போலக் கேட்கும் ஒலியாயிற்று. எழுத்து மட்டும் பழையதாகவே நின்றது. 1815இல் ஸ்பானிய மொழிக்கழகம் எழுத்தைத் திருத்தி, அந்த ஒலிக்கு வேறோர் எழுத்தை நிலைப்படுத்தியது. ஆங்கிலப் பழக்கத்தால் நாம் 'ஜ' என்று வாசிக்கும் எழுத்து அது. ஸ்பானியர் ஒருபோதும் அதை 'ஜ' என்று ஒலிப்பதில்லை.

இந்த மாற்றத்துக்குச் சான்று வேண்டுவோர் செர்வான்டெஸிடம் செல்லலாம். 1605இல் அவருடைய நாவலின் முதற்பகுதி வெளிவந்தபோது தலைவனின் பெயரில் அதே பழைய எழுத்து இருந்தது. இன்றைய ஸ்பானியர் 'கிஹோத்தே' என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் 'கிஷோத்' என்கின்றனர். இத்தாலியர் 'கிஷோத்தே' என்கின்றனர். ஷகரம் இருந்த காலத்தில் கடன் வாங்கியவர்களிடம் ஷகரம் தங்கிவிட்டது. கடன் கொடுத்தவரிடம் அது தொலைந்துவிட்டது. மொழி வரலாற்றில் இது புதிதன்று. தாய்வீட்டில் அழிந்த நகையைப் புகுந்தவீட்டுப் பெட்டியில் காண்பது போன்றது.

நம் பெயருக்கும் இதுவே நேர்ந்தது. போர்த்துக்கீசியர் இன்றும் 'ஷவியேர்' என்றே சொல்கின்றனர். சீனர் அவரை 'ஷாவூலுவே' என்பது போல் எழுதுகின்றனர். ஷகரம் அப்படியே இருக்கிறது. இத்தாலியில் சவேரியோ. போலந்தில் க்ஸவேரி. ஜெர்மானியரிடம் க்ஸாவர், ரில்கேயின் கடிதங்களைப் பெற்ற இளங்கவிஞரின் பெயர் பிரான்ஸ் க்ஸாவர் காப்பூஸ் என்பது இலக்கிய வாசகர் அறிந்ததே. ஜப்பானில் பொது வழக்கு 'ஸபியேரு'. ஆனால் அவர் பணியாற்றிய யாமாகுச்சி நகரத்தார் 'சபியேரு' என்ற தம் வடிவத்தைத் தம் பேராலயத்தின் பெயரிலேயே காத்து வருகின்றனர். தோக்கியோவில் வேறு வழக்கு இருப்பதால் யாமாகுச்சிக்காரர் பிழை செய்கிறார்கள் என்று அங்கே யாரும் அவர்களைத் திருத்தக் கிளம்பவில்லை.

ஆங்கிலேயர் என்ன செய்தனர்? தமக்குரிய வாசிப்பு விதிப்படி அந்த முதலெழுத்தை அதிரும் சகரமாக்கி, அடுத்த உயிரை ஏகாரமாக நீட்டி ஒரு வடிவம் செய்துகொண்டனர். அதைத்தான் நாம் 'சேவியர்' என்கிறோம். அவர்களுக்கு அது சரி. அவர்கள் மொழி, அவர்கள் நாக்கு. நவாரின் மலையிலோ, லிஸ்பனின் துறைமுகத்திலோ, மணப்பாட்டின் கரையிலோ அப்படி ஒலிக்கக் கேட்டவர் எவருமில்லை. அந்த வடிவத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு சவேரியாரைச் சிதைவு என்பது, மதுரைத் தமிழைப் பிரிட்டிஷ் மாவட்ட ஆட்சியரின் உச்சரிப்பால் திருத்துவதற்கு ஒப்பாகும்.

சவேரியார் உருவான விதம்

1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்த பிரான்சிஸ்கோ, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1530களின் நடுப்பகுதியில், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். 1544 ஜனவரியில் ரோமில் இருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு செய்தியைக் குறிக்கிறார்: இம்மக்களின் தாய்மொழி மலபார், தம் தாய்மொழி பாஸ்க், ஆதலால் ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்கவில்லை என்று. மலபார் என்று அக்காலப் போர்த்துக்கீசியர் சுட்டியது நம் தமிழையே. ஸ்பானியரென்று நாம் நினைப்பவர், தம் மொழி ஸ்பானியம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துணைவர் சிலரைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனனம் செய்து, கரையோரச் சிற்றூர்களில் சொல்லிக்கொடுத்தார்.

அவர் பெயரைத் தமிழர் எப்படி வாங்கினர்? திருச்சபையின் இலத்தீனில் பெயரின் வடிவம் 'வேரியுஸ்' என முடியும். இத்தாலிய, போலந்து வடிவங்களின் நடுவில் 'வேரி' இருப்பதும் அதனாலேயே. முதலெழுத்து போர்த்துக்கீசிய ஷகரத்தின் வழியும், உடல் இலத்தீன் வடிவத்தின் வழியும் வந்தன என்று கொள்வதே பொருத்தம். ஷகரம் தமிழெழுத்தன்று, சகரமாயிற்று. 'உஸ்' என்ற ஈறு நமக்கு அயலானது, களையப்பட்டது. அவ்விடத்தில் 'ஆர்' என்னும் மரியாதை விகுதி வந்தமர்ந்தது. சவேரி + ஆர் = சவேரியார். இதில் சிதைவு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு அடியிலும் விதி இருக்கிறது.

அந்த விதியை நாம் இன்று புதிதாக இயற்றவில்லை. வடசொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்க வேண்டும் என்று தொல்காப்பியம் எச்சவியலில் கூறுகிறது. நன்னூலார் அவ்வாறு திரிந்து வரும் முறைகளை விரித்துரைக்கிறார். தற்பவம் என்ற பெயரை நாம் வகுப்பில் நடத்துகிறோம். லக்ஷ்மணனை இலக்குவன் என்றும், விபீஷணனை வீடணன் என்றும் எழுதிய கம்பனை வியந்து பேசுகிறோம். வடக்கிலிருந்து வந்த பெயரைத் திரித்தால் கவித்திறன். மேற்கிலிருந்து வந்த பெயரை மீனவர் திரித்தால் அறியாமை என்றால், இங்கே அளக்கப்படுவது மொழியா, மனிதரா? இந்தக் கேள்விக்குத் திருத்தல்காரர்கள் விடை சொல்ல வேண்டும்.

நாற்றங்கால் மாறிய பயிர்

1622இல் பிரான்சிஸ்கோ புனிதராக அறிவிக்கப்பட்ட பின் உலகெங்கும் ஒரு புதுமை நிகழ்ந்தது. குடும்பப் பெயர் குழந்தைக்கு இடும் பெயராயிற்று. முதலில் பிரான்சிஸ்கோ ஹவியேர், பிரான்சுவா க்ஸவியே, பிரான்ஸ் க்ஸாவர் என இரட்டையாகவும், பிறகு தனியாகவும் இட்டனர். மோட்சார்ட்டின் இளைய மகனுக்கும், மோட்சார்ட் முடிக்காமல் விட்ட இரங்கற்பாவை முடித்துக்கொடுத்த சூஸ்மையருக்கும் இதுவே பெயர். பிரேசிலில் அது குடும்பப் பெயராகவும் நின்றது. 1792இல் போர்த்துக்கீசிய அரசால் தூக்கிலிடப்பட்ட தீராதென்தேஸின் முழுப்பெயர் ஜுவாக்கிம் ஜுசே த சில்வா ஷவியேர். பேரரசின் பெயர் பேரரசை எதிர்த்தவனுக்கும் உரியதாயிற்று.

தமிழர் இதனினும் ஒருபடி மேலே சென்றனர். பிறர் பெயரை வாங்கி இட்டதோடு நின்றனர். நாம் அதை வேராக வைத்து ஆக்கங்கள் செய்தோம். சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன், சவரியப்பன் என்று எத்தனை! முத்து, அம்மாள், ராயன், அப்பன் ஆகிய தமிழகத்து ஈறுகள் ஒரு பாஸ்க் வீட்டின் பெயரோடு கலந்து, எவருக்கும் ஒட்டுப்போட்டதாகத் தெரியாத அளவுக்கு இணைந்துவிட்டன. 'சவரி' என்றதும் கம்பனின் சவரி நினைவுக்கு வருவது இயல்பே. அதனால் சவரிமுத்துவும் இராமனுக்குக் கனி ஈந்த மூதாட்டியின் பெயர்வழி வந்ததென்று சிலர் சொல்வதுண்டு. அது ஒலி ஒற்றுமையால் விளைந்த மயக்கம். தலைமுறை தலைமுறையாக இப்பெயரை இட்டு வந்த குடும்பங்கள் எந்த மரபைச் சார்ந்தவை என்று பார்த்தாலே உண்மை புலப்படும்.

இலக்கிய வரலாறு கற்றோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று தேர்வுத் தாள்தோறும் எழுதுகிறோம். அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தந்தை பெயர் சவரிமுத்துப் பிள்ளை. தமிழாராய்ச்சிக்குத் தொண்டாற்றிய பண்டிதர் ஒருவர் சவரிராயர். நகைப்புக்குரிய பெயரைத் தாங்கியவர்கள் நம் இலக்கிய வரலாற்றின் வாயிலில் நிற்கிறார்கள்.

மறுப்புகளுக்கு விடை

'இப்பெயர் ஆதிக்கத்தோடு வந்தது. அதை மறைக்கிறீர்கள்' என்பர். மறைக்கவில்லை. போர்த்துக்கீசியக் கப்பல்கள் பீரங்கியோடு வந்தன. பெயர்களும் அந்தக் கப்பல்களிலேயே வந்தன. ஆனால் அந்தப் பெயருக்குரிய குடும்பமே ஆதிக்கத்தின் அடியை வாங்கிய குடும்பம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1512இல் நவாரை ஸ்பானிய அரசு கைப்பற்றியது. 1516இல் கர்தினால் சிஸ்னேரோஸின் ஆணையால் நவாரின் கோட்டைகள் பல தகர்க்கப்பட்டன. ஷவியேர் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிபட்டன. சிறுவன் பிரான்சிஸ்கோவுக்கு அப்போது வயது 10. எந்தப் பெயரையும் வெற்றியாளனின் முத்திரை என்று ஒற்றை வரியில் முடித்துவிட வரலாறு இடந்தராது.

மேலும், வந்த வழியைக் கொண்டு சொல்லைத் தள்ளத் தொடங்கினால் சாவியையும் மேசையையும் அலமாரியையும் சன்னலையும் வீட்டைவிட்டு எறிய வேண்டும். அவையும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தவையே. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு வழங்கிய பின்னும் ஒரு சொல் குடியுரிமைக்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டுமானால், எந்தச் சொல்தான் தப்பும்?

'அப்படியானால் சேவியர் என்பது பிழையா?' என்று கேட்பர். இல்லை. தனிநாயகம் அடிகளின் முதற்பெயர் சேவியர் என்றே வழங்குகிறது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய அந்தத் தமிழறிஞரின் பெயரில் கைவைக்க நமக்கு எண்ணமில்லை. தாமே ஏற்றுக்கொண்ட வடிவம் எவருக்கும் உரிமை. நாம் எதிர்ப்பது சேவியரை அன்று. சவேரியாரின் மீது தீர்ப்பு வழங்கும் நீதிபதியாகச் சேவியரை அமர்த்துவதை.

'ஒரே பெயருக்கு ஒரே வடிவம் இருந்தால்தானே ஒழுங்கு?' என்பர். அந்த ஒழுங்கு ஐரோப்பாவில் எங்கும் இல்லை. ஸ்பானியர் ஹவியேர் என்கின்றனர். பக்கத்திலேயே காத்தலானியர் பழைய எழுத்தையும் பழைய ஒலிமரபையும் விடவில்லை. பாஸ்க் மக்கள் ஷபியெர் என்கின்றனர். ஒரே அரசின் கீழ் மூன்று வடிவங்கள் மதிப்போடு வாழ்கின்றன. இங்கே மட்டும் ஒன்று மற்றொன்றை விழுங்க வேண்டும் என்பது ஏன்?

நாம் வேண்டுவது

நம் வேண்டுகோள் மூன்றே. முதலாவது, மொழிபெயர்ப்பாளருக்கு: எழுத்தாளர் எந்த மொழிக்காரர் என்று பார்த்துப் பெயரை எழுதுங்கள். ஸ்பானிய நாவலாசிரியர் மரியாஸ் ஹவியேர். மெக்சிகோக் கவிஞர் வில்லாஉருத்தியா பழைய எழுத்தைக் காத்தாலும் ஒலியால் ஹவியேரே. இருவரும் ஒருபோதும் ஜேவியர் அல்லர். இரண்டாவது, இதழாசிரியருக்கும் மெய்ப்புத் திருத்துவோருக்கும்: 16ஆம் நூற்றாண்டுத் துறவியைப் பற்றித் தமிழில் எழுதும்போது, தமிழ் மக்கள் அவருக்கு வழங்கிய பெயர் சவேரியார். கோட்டாற்றில் அவர் பேராலயத்துக்குச் செல்லும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். அதை அடித்துத் திருத்தும் உரிமை உங்களுக்கில்லை.

மூன்றாவது, நம்மைப் போன்ற ஆசிரியருக்கு. வருகைப் பதிவேட்டில் சவரிமுத்து என்றோ சவரியம்மாள் என்றோ ஒரு பெயர் வந்தால், அதைச் சற்றும் தயங்காமல், நீட்டாமல், குறுக்காமல் வாசியுங்கள். நேரமிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அதன் பொருளையும் சொல்லுங்கள்: புதுவீடு என்று. எந்த மலையில் கட்டிய வீடு, எந்த மொழியில் வைத்த பெயர், எவ்வழியே நம் கரைக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா என்பதை அதன்பின் அந்தப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளட்டும்.

மறுப்போர் சான்றுகளோடு வரட்டும், கேட்கக் காத்திருக்கிறோம்.